உங்களைக் கேட்காமலே பட்டாவுல பேரை மாத்திட்டாங்களா? 'விசாரணை உரிமை' பத்தி சம்பளக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியது



எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், பிஎஃப்னு நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு நம்ம நெட்வொர்த் எக்செல் ஷீட்ல பெரும்பாலும் வராத ஒரு சொத்தைப் பத்திப் பேசலாம். ஊர்ல இருக்கிற நிலம்.

நம்மள்ல பல பேர் வேலை பார்க்கிறது சென்னையில, பெங்களூருல. நிலம் இருக்கிறது ஊர்ல. அப்பா இருக்கிற வரைக்கும் அதைப் பத்தி யோசிக்கிறதே இல்ல. அவருக்கு அப்புறம் ஒரு நாள் ஹோம் லோனுக்கோ விக்கிறதுக்கோ பட்டாவை ஆன்லைன்ல எடுத்துப் பார்த்தா, அதுல அப்பா பேரே இல்ல. சித்தப்பா பேரு மட்டும் இருக்கு. "எனக்கு ஒரு நோட்டீஸ் கூட வரலையே"ன்னு அப்பதான் பதறுவோம்.

அந்த "நோட்டீஸ் கூட வரலையே"ங்கிற வார்த்தைக்குள்ள ஒரு சட்ட உரிமை ஒளிஞ்சிருக்கு. அது உங்களுக்கு என்ன தரும், என்ன தராது, எப்படிப் பயன்படுத்தணும்னு இந்தப் பதிவுல பார்ப்போம். இது தமிழ்நாட்டு நிலங்களுக்கான விளக்கம். வேற மாநிலத்துல சட்டத்தோட பேரும் அதிகாரிகளோட பேரும் மாறும்.

முதல்ல, பட்டான்னா என்ன?

பட்டா வருவாய்த் துறையோட பதிவு. இந்த சர்வே எண், இவ்வளவு பரப்பு, இவங்க பேர்ல இருக்குன்னு சொல்ற ஆவணம். கிரயப் பத்திரம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை இதெல்லாம் பதிவுத் துறையில பதிவாகிறது. உரிமை கைமாறுறது பத்திரத்தாலயோ வாரிசு உரிமையாலயோதான். பட்டாவுல பேர் மாறுறதால மட்டும் உரிமை மாறாது.

இதை உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு. 1996ல சவர்ணி எதிர் இந்தர் கவுர் வழக்குல, வருவாய்ப் பதிவுல பேர் ஏறுறதால உரிமை உருவாகவும் செய்யாது, அழியவும் செய்யாதுன்னு சொன்னாங்க. 2021ல ஜிதேந்திர சிங் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்குலயும் அதேதான். உயிலை வச்சுப் பேர் மாத்தக் கேட்டு, அதுல தகராறு இருந்தா, சிவில் நீதிமன்றத்துக்குப் போய் உரிமையை முடிவு பண்ணிட்டு வாங்கன்னாங்க.

"அப்ப பட்டாவுல யார் பேர் இருந்தா என்ன?"ன்னு கேக்கலாம். மூணு காரணத்தால அது பணத்தைப் பாதிக்கும்.

ஒண்ணு, பட்டா சரியா இல்லாம பேங்க் வக்கீல் லீகல் ஒப்பீனியன் தர மாட்டார். லோன் நிக்கும்.

ரெண்டு, பட்டாவுல தன் பேர் மட்டும் இருக்கிறவர் அதைக் காட்டி மூணாவது ஆளுக்கு வித்துடலாம். அப்புறம் உங்க சண்டை சித்தப்பாவோட மட்டும் முடியாது. காசு கொடுத்து வாங்கினவரோடவும் போடணும்.

மூணு, ரோடு, ரயில்வேன்னு அரசு நிலம் எடுத்தா, இழப்பீட்டு விசாரணை ரெக்கார்டுல பேர் இருக்கிறவங்க கிட்டருந்துதான் ஆரம்பிக்கும். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்துல 'நில உரிமையாளர்'ங்கிற விளக்கத்துல முதல்ல வர்றதே ரெக்கார்டுல பேர் உள்ளவர்தான். பேர் இல்லாதவர் பின்னாடியே ஓடிப் போய் "எனக்கும் பங்கு இருக்கு"ன்னு நிரூபிக்கணும்.

சட்டம் உங்களுக்குக் கொடுக்கிற உரிமை

நான் ஒரு சிஏ. வருமான வரி, ஜிஎஸ்டி ரெண்டுலயும் தினமும் பார்க்கிற விஷயம் ஷோ காஸ் நோட்டீஸ். கூடுதல் வரி போடுறதுக்கு முன்னாடி "ஏன் போடக் கூடாது, பதில் சொல்லுங்க"ன்னு கேக்கணும். கேக்காமப் போட்ட ஆர்டர் அப்பீல்ல பெரும்பாலும் நிக்காது. மறுதரப்பைக் கேட்காம பாதகமா முடிவெடுக்காதேங்கிறதுதான் அதோட அடிப்படை. இதுக்கு இயற்கை நீதின்னு பேர்.

நில ரெக்கார்டுலயும் இதே விதிதான். தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டம், 1983ல 10ஆவது பிரிவு பதிவுகளை மாத்துறதைப் பத்திச் சொல்லுது. உத்தரவு போடுறதுக்கு முன்னாடி சம்பந்தப்பட்டவங்களுக்கு வாய்மொழியாவோ எழுத்துமூலமாவோ தங்கள் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பு தாசில்தார் தரணும். இது சலுகை இல்ல, சட்டத்திலேயே எழுதியிருக்கிற கடமை. கூடவே அரசியல் சட்டத்தோட 300ஏ பிரிவு, சட்டத்தின் வழியில தவிர யாரோட சொத்தையும் பறிக்கக் கூடாதுன்னு சொல்லுது.

'நியாயமான வாய்ப்பு'ன்னா நடைமுறையில நாலு விஷயம்:

1. நோட்டீஸ். யார் மனு போட்டாங்க, எந்த சர்வே எண், எதை எப்படி மாத்தக் கேக்கிறாங்க, விசாரணை என்னைக்குங்கிறது அதுல இருக்கணும். "வாங்க, விசாரிக்கணும்"னு மொட்டையா அனுப்பினா அது போதுமான நோட்டீஸ் இல்ல.

2. ஆவணங்களும் அவகாசமும். எதிர்த்தரப்பு எந்தப் பத்திரத்தை நம்புறாங்களோ அதோட நகல் உங்களுக்குக் கிடைக்கணும். அதைப் படிச்சுப் பதில் தயார் பண்ண நேரமும் வேணும்.

3. பேசுற வாய்ப்பு. நேர்லயோ, எழுத்துலயோ, நீங்க அதிகாரம் கொடுத்த ஆள் மூலமாவோ.

4. காரணம் சொன்ன உத்தரவு. "இரு தரப்பையும் விசாரித்து மாற்றம் செய்யப்பட்டது"ன்னு ஒரே வரியில முடிச்சா அது காரணம் ஆகாது. உங்க ஆட்சேபணை என்ன, அதை ஏன் ஏத்துக்கல அப்படிங்கிறது உத்தரவுல இருக்கணும். அப்பதான் அப்பீல்ல எதை எதிர்க்கிறோம்னு நமக்கே தெரியும்.

தாசில்தாரால எதை முடிவு பண்ண முடியாது?

இது ரொம்ப முக்கியம். பட்டா பிரச்சினைகளை ரெண்டு வகையாப் பிரிச்சுக்கோங்க.

முதல் வகை, எழுத்துப் பிழை மாதிரியானது. பேர்ல எழுத்து மாறியிருக்கு, பத்திரத்துல 40 சென்ட், பட்டாவுல 4 சென்ட், உட்பிரிவு எண் தப்பு. இதெல்லாம் ஆவணத்தைப் பார்த்து வருவாய்த் துறையே சரி பண்ணலாம்.

ரெண்டாவது வகை, உரிமைத் தகராறு. உயில் உண்மையா, பாகப்பிரிவினை நடந்ததா, பத்திரம் போலியா, அத்தைக்குப் பங்கு உண்டா? இதுல தாசில்தார் நீதிபதி ஆக முடியாது. 2011ல விஷ்வாஸ் ஃபுட்வேர் கம்பெனி எதிர் காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியர் வழக்குல சென்னை உயர் நீதிமன்றத்தோட டிவிஷன் பெஞ்ச் இதைத் தெளிவாச் சொன்னது. உரிமையில உண்மையான தகராறு இருந்தா, தரப்பினரை சிவில் நீதிமன்றத்துக்கு அனுப்பணும். வருவாய் அதிகாரியே ஒரு பக்கம் சாஞ்சு பேரை மாத்தக் கூடாது.

அதனால உங்க ஆட்சேபணையில "இதில் உரிமை குறித்த தகராறு உள்ளது, சிவில் நீதிமன்றத் தீர்ப்பு வரும் வரை பதிவில் மாற்றம் செய்யக் கூடாது"ங்கிற வரி கட்டாயம் இருக்கணும்.

ஒரு உதாரணம்

2 ஏக்கர் நிலம், அப்பா பேர்லயும் சித்தப்பா பேர்லயும் கூட்டுப் பட்டா. ஆளுக்குப் பாதி. அப்பா தவறிட்டார். வாரிசு நீங்க, தங்கச்சி, அம்மா மூணு பேர். யாரும் பட்டாவுல பேர் சேர்க்கல.

சித்தப்பா பதிவு செய்யாத ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் காட்டி, "அண்ணன் இருக்கும்போதே பிரிச்சுக்கிட்டோம், எனக்கு 1 ஏக்கர் 60 சென்ட்"னு மனு போடுறார். நோட்டீஸ் ஊர்ல பூட்டியிருக்கிற பழைய வீட்டுக்குப் போகுது. யாரும் வரலன்னு எழுதி, பட்டா மாறுது.

அந்த 60 சென்ட்டுக்கு சென்ட் 50,000 ரூபாய்னு வச்சாக்கூட 30 லட்சம். அதுல உங்க மூணு பேருக்கும் சம பங்கு, ஆளுக்கு 10 லட்சம். மாசம் 5,000 எஸ்ஐபி போட்டு எத்தனை வருஷத்துல 10 லட்சம் சேருங்கிறதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

இப்ப என்ன பண்ணணும்? வரிசையாப் பார்ப்போம்.

படி 1: ஃபைலைக் கைல எடுங்க

ஆன்லைன்ல பட்டா/சிட்டா, 'அ' பதிவேடு ரெண்டையும் எடுத்து பிடிஎஃப் ஆ சேவ் பண்ணுங்க. பதிவுத் துறை தளத்துல அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போடுங்க. மாறின பிறகு யாருக்காவது வித்திருக்காங்களான்னு அதுல தெரிஞ்சிடும்.

அடுத்து, பட்டா மாறுதல் உத்தரவு, மனு, அதோட இணைச்ச ஆவணங்கள், நோட்டீஸ், நோட்டீஸ் சார்வு செய்ததுக்கான ஆதாரம் எல்லாத்துக்கும் சான்றிட்ட நகல் கேளுங்க. இழுத்தடிச்சா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டணத்தோட மனு போடுங்க. 30 நாளுக்குள்ள பதில் தரணும்.

நோட்டீஸ் எந்த விலாசத்துக்குப் போச்சு, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினாங்க, இல்ல கதவுல ஒட்டினாங்களா? உங்க கேஸோட உயிர் இந்தப் பேப்பர்லதான் இருக்கு. சரியான விலாசத்துக்குத் தபால் போயிருந்தா சட்டம் அது சேர்ந்ததாத்தான் எடுத்துக்கும். தப்பான விலாசம்னு காட்ட வேண்டியது நாமதான்.

படி 2: அப்பீல்

பட்டா மாறுதல் உத்தரவு போடுறவர் தாசில்தார் அல்லது மண்டலத் துணை வட்டாட்சியர். அதுக்கு மேல அப்பீல் வருவாய் கோட்டாட்சியர் கிட்ட. அதுக்கும் மேல சீராய்வு மாவட்ட வருவாய் அலுவலர் கிட்ட. அப்பீலுக்குக் காலக்கெடு உண்டு. உத்தரவு கைக்கு வந்த நாள்லருந்து 30 நாளைத் தாண்ட விடாம போட்டுடறதுன்னு வச்சுக்கோங்க. தாமதமாயிட்டா, உத்தரவு உங்களுக்கு எப்பத் தெரிய வந்ததுன்னு ஆதாரத்தோட தாமதத்தை மன்னிக்கக் கேக்கிற மனுவும் சேர்த்துப் போடணும்.

இங்கதான் பல பேர் சறுக்குறாங்க. அப்பீல்ல "எனக்கு நோட்டீஸ் வரல"ன்னு மட்டும் எழுதிட்டு விட்டுடுவாங்க. அது போதாது. 2020ல உத்தரப் பிரதேச அரசு எதிர் சுதீர் குமார் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம், இயற்கை நீதி மீறப்பட்டதுன்னு சொல்றவருக்கு அதனால பாதிப்பு ஏற்பட்டிருக்கணும்னு சொல்லியிருக்கு. அதாவது, "கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"ங்கிற கேள்விக்குப் பதில் வேணும். நம்ம உதாரணத்துல பதில் இது: பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகல, அப்பா கையெழுத்து சந்தேகம், அவர் கடைசி வரைக்கும் 1 ஏக்கருக்குக் கிஸ்தி கட்டின ரசீது கைல இருக்கு. இதையெல்லாம் அப்பீல்லயே எழுதி, நகலை இணைக்கணும்.

படி 3: உயர் நீதிமன்றமா, சிவில் நீதிமன்றமா?

நோட்டீஸே இல்லாமப் போட்ட உத்தரவை எதிர்த்து 226ஆவது பிரிவுல உயர் நீதிமன்றத்துல ரிட் மனு போடலாம். அப்பீல் வழி இருந்தாலும், இயற்கை நீதி மீறப்பட்டிருந்தா ரிட்டை ஏத்துக்கலாம்னு 1998 வேர்ல்பூல் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா ஏத்துக்கிறது நீதிமன்றத்தோட விருப்புரிமை. "முதல்ல அப்பீலுக்குப் போங்க"ன்னும் அனுப்பலாம்.

உரிமையையே முடிவு பண்ணணும்னா சிவில் நீதிமன்றம்தான். பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தோட 14ஆவது பிரிவுப்படி, "என் பேரை ஏத்து, இவர் பேரை எடு"ன்னு அரசு மேல வழக்கு போட முடியாது. ஆனா உங்க உரிமையை மறுக்கிறவர் மேல உரிமை விளம்புகை வழக்கு போடலாம். தீர்ப்பு வந்தா அதன்படி பதிவைத் திருத்தணும்.

செலவு? வீட்டு மனைன்னா, உரிமை விளம்புகையோட தடையுத்தரவும் கேட்டா, சந்தை மதிப்புல பாதிக்கு 3 சதவீதம் கோர்ட் கட்டணம். 20 லட்ச ரூபாய் மனைக்கு 10 லட்சத்துல 3 சதவீதம், 30,000 ரூபாய். வக்கீல் ஃபீஸ் தனி. விவசாய நிலத்துக்கு மதிப்பிடுற முறை வேற, பொதுவாக் குறைவா வரும். இதோட ஒப்பிட்டா, ஆரம்பத்துலயே போடுற ஒரு ஆட்சேபணை மனுவுக்கு ஆகிற செலவு தபால் செலவுதான்.

ரெண்டு எச்சரிக்கை

முதல் எச்சரிக்கை, காலவரையறை. உரிமை விளம்புகை வழக்குக்குக் காலவரையறைச் சட்டம், 1963ல பொதுவா 3 வருஷம். தாசில்தார், கோட்டாட்சியர்னு அலையற நேரம் அந்தக் கடிகாரத்தை நிறுத்தும்னு நம்பாதீங்க. அப்பீல் ஒரு பக்கம் போகட்டும், வக்கீல் கிட்ட தேதியைக் குறிச்சு வாங்கிக்கோங்க.

ரெண்டாவது எச்சரிக்கை, விற்பனை. வழக்கு நடக்கும்போது யாராவது வாங்கினா, சொத்து மாற்றுச் சட்டத்தோட 52ஆவது பிரிவுப்படி தீர்ப்பு அவரையும் கட்டுப்படுத்தும். ஆனா இந்தப் பாதுகாப்பு நீதிமன்ற வழக்குக்குத்தான். தாசில்தார் கிட்ட மனு நிலுவையில இருக்குங்கிறதால வராது. எதிர்த்தரப்பு விக்கத் தயாராகுற மாதிரி தெரிஞ்சா சிவில் வழக்கைத் தள்ளிப் போடாதீங்க.

நோட்டீஸ் வந்துட்டா என்ன பண்ணணும்?

ஒரு நாள் சிஎல் போடுங்க. சீரியஸாத்தான் சொல்றேன். விசாரணைக்குப் போகாம இருந்தா, வாய்ப்பு கொடுத்தும் வரலன்னு எழுதிடுவாங்க. அப்புறம் விசாரணை உரிமை பத்திப் பேச நமக்கு இடமே இருக்காது.

• உண்மையிலேயே போக முடியாதுன்னா, முன்கூட்டியே எழுத்துல வேற தேதி கேளுங்க. இல்ல, கூடப் பிறந்தவருக்கோ வக்கீலுக்கோ அதிகாரக் கடிதம் கொடுத்து அனுப்புங்க.
• ஆட்சேபணையை எழுத்துல ரெண்டு செட் எடுத்துட்டுப் போங்க. ஒண்ணைக் கொடுத்துட்டு, இன்னொண்ணுல சீலோட தேதி போட்டு வாங்கிக்கோங்க.
• வாக்குமூலம் எழுதினா, முழுசாப் படிச்சுட்டுத்தான் கையெழுத்து. வெத்துத் தாள்ல கையெழுத்துப் போடவே கூடாது.
• எதிர்த்தரப்பு ஆவண நகல் தரலன்னா, "நகல் தரப்படவில்லை"ன்னு உங்க மனுவுலயே எழுதிடுங்க.

ஆட்சேபணை மனு மாதிரி

"பெறுநர்: வட்டாட்சியர் அவர்கள். பொருள்: ... கிராமம், சர்வே எண் ... பட்டா மாறுதல் மனுவுக்கு ஆட்சேபணை.

ஐயா/அம்மா, மேற்படி நிலத்தில் என் தந்தையின் வாரிசு என்ற முறையில் எனக்கும் உரிமை உள்ளது. எதிர் மனுதாரர் தாக்கல் செய்துள்ள ஆவணத்தை நான் மறுக்கிறேன். காரணங்கள்: (1) ... (2) ... அந்த ஆவணத்தின் நகலை எனக்கு வழங்கி, என் தரப்பை நேரில் கூற வாய்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதில் உரிமை குறித்த தகராறு உள்ளதால், உரிய நீதிமன்றத் தீர்ப்பு வரும் வரை பதிவில் மாற்றம் செய்யக் கூடாது. இனி எல்லா அறிவிப்புகளையும் கீழ்க்கண்ட என் தற்போதைய விலாசத்துக்கும் கைபேசி எண்ணுக்கும் அனுப்ப வேண்டுகிறேன்."

கடைசி வரியை விட்டுடாதீங்க. தகராறு வரும்னு சந்தேகம் இருந்தா, யாரும் மனு போடுறதுக்கு முன்னாடியே இதைக் கொஞ்சம் மாத்தி ஒரு மனுவா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி வைக்கலாம். சிவில் நீதிமன்றத்துல போடுற கேவியட் 90 நாள்தான் செல்லும், அதுவும் நீதிமன்றத்துக்கு மட்டும். இந்த மனு கேவியட் கிடையாது. ஆனா "இவங்க இருக்காங்கன்னே தெரியாது"ன்னு அப்புறம் யாரும் சொல்ல முடியாது.

அடிக்கடி வர்ற கேள்விகள்

நோட்டீஸ் வரலன்னு ஜெயிச்சா நிலம் என் பேருக்கு வந்துடுமா?
வராது. பெரும்பாலும் பழைய உத்தரவை ரத்து பண்ணி, "இரு தரப்பையும் விசாரிச்சு மறுபடி முடிவெடுங்க"ன்னு திருப்பி அனுப்புவாங்க. விசாரணை உரிமைங்கிறது கேக்கப்படுற உரிமை, ஜெயிக்கிற உரிமை இல்ல. மறுவிசாரணைக்கு ஆவணம் தயாரா இருக்கணும்.

வாரிசுச் சான்றிதழ் இருக்கு, அது போதுமா?
நீங்க வாரிசுன்னு அது காட்டும். எந்த நிலத்துல எவ்வளவு பங்குன்னு காட்டாது. பத்திரம், பழைய பட்டா, கிஸ்தி ரசீது எல்லாம் கூட வேணும்.

தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. அவளுக்கும் நோட்டீஸ் தரணுமா?
ஆமா. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளும் முதல் வகுப்பு வாரிசு. கல்யாணம் ஆனதால அது மாறாது. நீங்க உங்க பேர்ல மட்டும் பட்டா மாத்தப் போனாலும், தங்கச்சியையும் அம்மாவையும் கேட்காம மாத்தினா அந்த உத்தரவும் இதே காரணத்தால உடையும்.

தப்பு 1980கள்லயே நடந்திருக்கு, இப்ப திருத்த முடியுமா?
1979லருந்து 1987 வரைக்கும் நடந்த யூடிஆர் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துல நிறைய பேர், பரப்பு மாறியிருக்கு. அதைத் திருத்தப் பொதுவா மாவட்ட வருவாய் அலுவலர் கிட்ட மனு போடணும். அங்கயும் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கட்டாயம்.

இந்த வாரக் கடைசியில பண்ண வேண்டியது

அம்மா கிட்ட பேசி சர்வே எண்களை எழுதி வாங்குங்க. ஒவ்வொண்ணுக்கும் பட்டாவும் வில்லங்கச் சான்றும் எடுங்க. அப்பா தவறியிருந்தா எல்லா வாரிசுங்க பேரையும் சேர்க்க இப்பவே மனு போடுங்க. இனிமே வருஷத்துக்கு ரெண்டு தடவை, சிபில் ஸ்கோர் செக் பண்ற அதே நாள்ல, பட்டாவையும் ஒரு தடவை பாருங்க.

இது பொதுவான விளக்கம்தான். உங்க கேஸுல தேதியும் ஆவணமும்தான் முடிவைத் தீர்மானிக்கும். ஃபைலோட ஒரு சிவில் வக்கீலைப் பாருங்க. அவர் கிட்ட போறதுக்கு முன்னாடி, நோட்டீஸ் எந்த விலாசத்துக்குப் போச்சுங்கிற அந்த ஒரு பேப்பரை மட்டும் கண்டிப்பா வாங்கி வச்சுக்கோங்க.

பயனுள்ளதா இருந்தா, ஊர்ல நிலம் இருக்கிற உங்க ஆபீஸ் நண்பர்களுக்கு அனுப்புங்க. அடுத்த பதிவுலயும் வீடியோவுலயும் பூர்வீக நிலத்தை வித்தா கேபிட்டல் கெயின்ஸ் கணக்கு எப்படிப் போடுறதுன்னு பார்ப்போம்.